கருங்காலி என்று வந்த மரம்

எங்கள் பட்டறையில் அந்தம்மாவை யாருக்கும் பிடிக்காது. அந்தம்மாவுக்கும் எங்களில் ஒருவரையும் பிடிக்காது. பதினோரு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

அது கிதார் செய்கிற பட்டறை. முதலாளியோடு சேர்த்து ஒன்பது பேர். நான் பாலிஷ் போடுகிறவன். அந்தம்மாவின் வேலை மரம் பொறுக்குவது. கிதாரின் முகத்துக்கு ஸ்ப்ரூஸ், முதுகுக்கும் விலாவுக்கும் ஈட்டி அல்லது மகோகனி, விரல் ஓடுகிற பலகைக்குக் கருங்காலி. எல்லாம் கப்பலில் வந்து இறங்குகிற சரக்கு. லாரி வாசலில் நின்றதும் அந்தம்மா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போவார். ஒரு பலகையை எடுத்து, அதன் முனையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுவார். காதைக் கொண்டுபோவார். வெட்டுமுகத்தில் எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். ஓரத்தைக் கத்தியால் சீவி முகர்வார். பிறகு "வேண்டாம்" என்பார். நூறு பலகையில் எழுபதுக்கு அந்த ஒரே சொல்தான். மீதி முப்பதின் வெட்டுமுகத்தில் வெள்ளைச் சாக்கட்டியால் ஒரு சரிக்குறி போடுவார். அந்தக் குறி இல்லாத மரம் அறுக்கிற வாளுக்குப் போகாது.

அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே 'வேண்டாம்' என்றாகிவிட்டது. "வேண்டாம் வந்தாச்சா?" "வேண்டாம் இன்னைக்கு லீவா?" என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பசை போட்டு ஒட்டுகிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒட்டுக்காரர் ஒரு வாரம் இதைக் கேட்டுவிட்டு, "வேண்டாம்னா விட்டுடுங்களேன், எதுக்குத் தினமும் கேக்குறீங்க?" என்றார்.

அவருடைய அப்பா சவப்பெட்டி செய்தவர். பன்னிரண்டு வயதிலிருந்து பலகை பொறுக்கிக் கொடுத்தது மகள்தான். "செத்தவங்க புகார் சொல்ல மாட்டாங்க. அதுக்காக நான் ஒரு வெடிச்ச பலகையைக்கூட விட்டதில்ல" என்று ஒருமுறை சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, எங்களைக் குத்துவதற்காகச் சொன்னார்.

அவரைக் கட்டிக்கொடுத்தது மரக்கடைக் குடும்பத்தில். மாமனார் இருந்தவரை கடையில் சரக்குப் பிரிக்கிற பொறுப்பு அந்தம்மாவிடம் இருந்தது. மாமனார் போனபின் கடை இளைய மகன் கைக்கு வந்தது. மூத்தவர், அதாவது அந்தம்மாவின் கணவர், சொந்தத் தம்பியிடமே லாரி ஓட்டுகிற ஆளாகிவிட்டார். அண்ணன் கைகட்டி நிற்பதைத் தம்பி ரசித்தான். அதைப் பார்த்துக்கொண்டு அண்ணன் வாய் திறக்கவில்லை. அந்தம்மா திறந்தார். கழித்துப் போட்ட பலகைகளை நல்ல சரக்கோடு கலந்து கட்டச் சொல்லிக் கொழுந்தன் உத்தரவு போட்டபோது, கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். ஒருநாள் நேராக எங்கள் பட்டறைக்குள் நுழைந்து முதலாளி முன்னால் நின்றார்.

"நீங்க வாங்குற மரத்துல பாதி குப்பை."

"அதை யாரு சொல்றது?" என்றார் முதலாளி.

"நான்தான். அந்தக் குப்பையைக் கட்டி அனுப்புனதே நான்தான்."

அன்றே வேலை கிடைத்தது. கொழுந்தனுக்கும் அந்தம்மாவுக்கும் பகை அன்றுதான் வெளிப்படையானது. ஆனாலும் கருங்காலியும் ஈட்டியும் இறக்குமதி செய்கிற கடை ஊரில் அது ஒன்றுதான். எனவே வேண்டாத உறவுக்காரர்கள் இரண்டு பேரும் மாதம் ஒருமுறை எங்கள் வாசலில் சந்தித்துத்தான் ஆகவேண்டும். லாரியை ஓட்டிவருவது கணவர். அவர் இறங்கவே மாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

எனக்கும் அந்தம்மாவுக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் பாலிஷ் முடித்துத் தொங்கவிட்ட ஒரு கிதாரை அந்தம்மா ஒருநாள் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். முதுகில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தது. மரத்தூளும் பசையும் குழைத்து அதை அடைத்து, மேலே நிறம் ஏற்றியிருந்தேன். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. அந்தம்மா நகத்தால் அந்த இடத்தைத் தொட்டார்.

"நல்லா மூடியிருக்க, பாலிஷ். மூடுறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்ல."

முதலாளி வந்தார். எல்லார் முன்னாலும் என்னைக் கிழித்தார். அன்று மதியம் நான் கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தம்மா நுழைந்தால் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன். மனதுக்குள் எனக்கென்று ஒரு நாள் வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது. ஓர் இசைப்பள்ளி எட்டு கிதார்களுக்கு ஆர்டர் கொடுத்தது. எல்லாமே வெளிநாட்டு மரத்தில் இருக்கவேண்டும், ஈட்டி முதுகு, கருங்காலி விரல்பலகை, எட்டும் ஒரே நிறம். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. முதலாளி சுவரில் நாள்காட்டியை மாட்டி, முடிக்கவேண்டிய தேதியைச் சிவப்பில் வட்டமிட்டார்.

லாரி வந்தது. கொழுந்தனும் கூட வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு ஊசி வைத்த ஈரம் பார்க்கிற கருவி.

"வாங்க அண்ணி, சௌக்கியமா?" என்றான் தேன் ஒழுக.

"இங்க அண்ணி கிண்ணி கிடையாது. சரக்கைக் காட்டு."

ஈட்டிப் பலகைகள் பார்க்க ராஜா மாதிரி இருந்தன. ஊதாவும் பழுப்புமாக ரேகை ஓடியது. கொழுந்தன் கருவியை ஒவ்வொன்றிலும் குத்தி எண்ணைக் காட்டினான். நன்றாகக் காய்ந்த மரத்தின் எண். அந்தம்மா கருவியின் பக்கம் திரும்பவே இல்லை. பலகையைத் தொங்கவிட்டுத் தட்டினார். ஈட்டி என்றால் மணி மாதிரிப் பேசும். இது நனைந்த துணிமேல் அடித்த மாதிரி இருந்தது. எனக்கே கேட்டது.

"உள்ள ஈரம். சூளையில வச்சு அவசரமா மேல்தோலை மட்டும் காயவச்சிருக்க. நடுவுல அறுத்துக் காட்டு."

"அறுத்துப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுவீங்க. துண்டான பலகையை நான் தலையில வச்சுக்கவா?"

"வச்சுக்கோ. அங்கயாவது ஏதாவது இருக்கட்டும்."

நாங்கள் சிரித்துவிட்டோம். கொழுந்தன் முகம் கறுத்தது. அந்தம்மா அடுத்து கருங்காலித் துண்டை எடுத்தார். கையில் ஏந்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கருங்காலி கையை இழுக்கும், அவ்வளவு கனம். இது இழுக்கவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தார். பஞ்சு கறுத்தது. கத்தியால் ஆழமாக ஒரு சீவல் எடுத்தார். உள்ளே பழுப்பாக, பேரிக்காய்த் தோல் மாதிரி ஒரு நிறம்.

"சாயம். ஏதோ ஒரு சோப்ளாங்கி மரத்துக்கு மை ஊத்திக் கருங்காலின்னு கொண்டுவந்திருக்கான். எல்லாம் வேண்டாம். ஏத்து லாரில."

"அண்ணி, குடும்ப ஆத்திரத்தைக் கொண்டுவந்து கடை வியாபாரத்துல காட்டாதீங்க" என்றான் கொழுந்தன், முதலாளியைப் பார்த்துக்கொண்டே. அந்த ஒரு வாக்கியம் வேலை செய்தது. முதலாளியின் கண்ணில் ஒரு யோசனை ஓடியதை நான் பார்த்தேன்.

லாரியில் சரக்கு ஏறவில்லை. "இங்கயே இருக்கட்டும், பேசிக்கலாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். இரண்டு நாள் வாள் ஓடவில்லை. எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்தம்மா நடந்துபோனால் ஒருவர் விடாமல் முறைத்தோம். "இந்தம்மா வீட்டுச் சண்டைக்கு நாம ஏன் பட்டினி கிடக்கணும்?" என்று வாள்காரர் சத்தமாகவே சொன்னார். அந்தம்மா நின்று திரும்பி, "பட்டினியா? உன் தொப்பை அப்படிச் சொல்லலையே" என்றுவிட்டு நடந்தார்.

மூன்றாம் நாள் அந்தம்மா பல் பிடுங்கப் போயிருந்தார். காலையில் முதலாளி என் மேசையருகே வந்தார். நான் அரக்குப் பாலிஷ் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"குறி இல்லாம வாள்காரன் தொடமாட்டேங்கிறான். பழக்கம் அப்படி" என்றார். பிறகு சுவரைப் பார்த்தபடி, "ஒரு சாக்கட்டிக் கோடுதான். அதுக்குப் போய் எட்டு கிதார் நிக்குது" என்றார். சாக்கட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் எழுந்து போய்ப் பன்னிரண்டு ஈட்டிப் பலகைக்கும் எட்டுக் கருங்காலித் துண்டுக்கும் குறி போட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சந்தோஷமாகப் போட்டேன். அந்தம்மாவின் முகத்தில் கரி பூசுகிற மாதிரி இருந்தது.

கன்னம் வீங்கி அந்தம்மா திரும்பிவந்தபோது மரம் முழுதும் அறுபட்டுக் கிடந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு வாயில் வைத்திருந்த பஞ்சோடு குழறிக் கேட்டார்: "யாரு இதுக்குக் குறி போட்டது?"

"நீங்கதாம்மா" என்றார் முதலாளி.

"நான் பல் பிடுங்கப் போயிருந்தேன்."

"முன்னாடியே போட்டுட்டு மறந்திருப்பீங்க."

அந்தம்மா அவர் முகத்தையே பார்த்தார். முதலாளி நாள்காட்டியைப் பார்த்தார். பெரிய சண்டை வெடிக்கும் என்று நாங்கள் காத்திருந்தோம். அந்தம்மா ஒரு சாக்கை எடுத்துவந்தார். அறுத்துத் தள்ளிய ஓரத் துண்டுகளில் குறி இருந்தவற்றை மட்டும் பொறுக்கிச் சாக்கில் போட்டு, தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வேலை சம்பந்தமாகத் தவிர யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. என்னைப் பார்க்கிறபோது மட்டும் கண்ணை எடுக்கமாட்டார். எனக்கு முதுகு அரிக்கும்.

மரம் தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. தகடாக அறுத்து வைத்த ஈட்டி மறுநாள் காலையில் கிண்ணம் மாதிரி வளைந்து நின்றது. கிளாம்ப் போட்டு நெரித்து ஒட்டினோம். கருங்காலி என்று சொல்லப்பட்டதில் கம்பி பதிக்கிற காடிப் பள்ளம் வெட்டியபோது உள்ளே பழுப்புத் தெரிந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் கறுப்பு மை கொண்டுவந்து தடவினேன். ஒட்டுக்காரர் மெதுவாக, "அந்தம்மா சொன்னது சரிதான் போல" என்றார். "நீ வாயை மூடிக்கிட்டு ஒட்டு" என்றேன் நான். சிவப்பு வட்டம் போட்ட தேதிக்கு எட்டும் பளபளவென்று போய்ச் சேர்ந்தன.

இதற்கு நடுவில் அந்தம்மாவின் வீட்டிலும் ஒன்று நடந்தது. ஒட்டுக்காரர் அதே தெருவில் குடியிருப்பவர், அவர் பார்த்துச் சொன்னது. கடைக்காரத் தம்பி அண்ணனை ஏவிவிட்டிருக்கிறான். அண்ணன் வந்து, "தம்பிகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு, எனக்கு அங்க நிக்க முடியல" என்றிருக்கிறார். அந்தம்மா அவருடைய துணிகளையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை வாசலில் வைத்தார்.

"நிக்க முடியலன்னா அங்கயே போய்ப் படுத்துக்கோங்க" என்றாராம்.

கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி கடையின் பின்கட்டுக்குப் போனார்.

ஐந்தாவது மாதம் இசைப்பள்ளி ஆசிரியை வேனில் வந்து இறங்கினார். எட்டு கிதாரும் வேனில். முதல் பெட்டியைத் திறந்து கிதாரைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். முதுகு நடுவில் நீளவாக்கில் பிளந்திருந்தது, உள்ளே விரல் விடலாம்.

"எட்டுல ஆறு இப்படி. மிச்ச ரெண்டு கழுத்துப் பக்கம் வளைஞ்சிருச்சு. பிள்ளைங்க விரல் பூரா கரி. அந்தக் கையோட வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தொட்டிருக்குதுங்க. ஒவ்வொரு அம்மாவும் எங்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. இது கருங்காலியா? மை டப்பாவா?"

முதலாளிக்கு வேர்த்தது. "மரம் தேர்ந்தெடுக்குறது நான் இல்லைங்க. அதுக்குன்னு ஒரு ஆள் இருக்காங்க. அவங்க குறி போட்டாத்தான் நாங்க அறுப்போம். இதுல எல்லாத்துலயும் அவங்க குறி இருந்தது." திரும்பி, "வாங்கம்மா இப்படி. பதில் சொல்லுங்க" என்றார்.

ஆசிரியை அந்தம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

அந்தம்மா அலமாரியைத் திறந்தார். சாக்கை இழுத்துவந்து மேசையில் கொட்டினார். கிதார் மேலேயே விழுந்தது. ஒரு துண்டை எடுத்து ஆசிரியை முன்னால் வைத்து, சாக்கட்டியை இடது கையில் பிடித்து, அதன் பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டார்.

"எனக்கு இடது கை. பதினோரு வருஷமா என் குறி வால் இடது பக்கம் போகும். இதைப் பாருங்க. இருபதும் வலது பக்கம் போகுது."

நான் அதை ஒருநாளும் கவனித்ததில்லை. தினமும் பார்த்த குறி. மெல்ல ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

"அப்ப இதை யாரு போட்டது?" என்றார் ஆசிரியை.

அந்தம்மா இன்னொரு துண்டைத் திருப்பினார். குறிக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, அச்சுக் குத்தியது போல. அரக்குப் பாலிஷ் காய்ந்த நிறம். இந்தப் பட்டறையில் அந்த நிறத்தில் விரல் இருப்பது ஒரே ஒருவனுக்கு.

"இந்த மரத்துல கருங்காலியே இல்ல முதலாளி, அப்பவே சொன்னேன். கருங்காலி அந்தா ஜன்னல் பக்கம் நிக்குது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காட்டிக்கொடுப்பவனுக்கும் அதே பெயர்தான் என்பதை அன்றைக்கு ஒருவரும் எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதைவிடப் பெரிய ஒப்புதல் தேவையில்லை.

முதலாளி உடனே என் மேல் பாய்ந்தார். "அடப்பாவி! உன்னை நம்பி..." என்று ஆரம்பித்தார். அந்தம்மா மேசையை உள்ளங்கையால் தட்டினார்.

"நிறுத்துங்க. மொத நாள் எல்லாம் வேண்டாம்னு சொன்னவ, மூணாம் நாள் இருபதுக்கும் எப்படிக் குறி போட்டேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேக்கல. ஏன்னா உங்களுக்குப் பதில் தெரியும். அவன் கை அழுக்கு. உங்க கை சுத்தம், அவ்வளவுதான் வித்தியாசம்."

ஆசிரியை தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். எட்டு கிதாரையும் புதிதாகச் செய்துதர வேண்டும் என்றும், மரத்தை இந்தம்மாதான் பொறுக்கவேண்டும் என்றும் சொன்னார்.

அந்தம்மா அதைச் செய்துகொடுத்தார். கடல் கடந்த இன்னொரு ஊரிலிருந்து சரக்கு வரவழைத்து, மூன்று வாரம் தட்டித் தட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற எட்டு ஜோடிப் பலகை எடுத்துவைத்தார். திரும்பி வந்த எட்டின் பாலிஷையும் சுரண்டும் வேலை எனக்கு வந்தது. நான் மூடியதையெல்லாம் நானே திறந்தேன். மையும் தூளும் அடைத்த ஒவ்வொரு இடமும் மறுபடி பல்லைக் காட்டியது. கடைசி ஜோடி வாளுக்குப் போன அன்று அந்தம்மா மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியேறினார். ஊரின் மறுகோடியில் வயலின் செய்கிற ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். இசைப்பள்ளியும் அடுத்த ஆர்டரை அங்கேதான் கொடுத்தது.

கொழுந்தனின் கடைக்கு எங்கள் பட்டறை மட்டும் அல்ல, இன்னும் நான்கைந்து பேர் போவதை நிறுத்தினார்கள். அவன் இப்போது கதவு ஜன்னலுக்கு மரம் விற்கிறான். எங்கே பார்த்தாலும் அண்ணியைச் சபிக்கிறான். கணவர் ஒருநாள் பெட்டியோடு திரும்பி வந்தாராம். அந்தம்மா கதவைத் திறந்து பெட்டியை மட்டும் வாங்கி உள்ளே வைத்தார். ஆளை ஒரு மணி நேரம் வாசலில் நிறுத்தினார். அப்புறம் விட்டார். "இன்னும் பேசல. சோறு மட்டும் போடுறாங்க" என்றார் ஒட்டுக்காரர்.

எனக்கு வேலை போகவில்லை. முதலாளி என்னை அனுப்பமாட்டார். அனுப்பினால் நான் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும். ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டு இரண்டு பேரும் அங்கேயே இருக்கிறோம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் அந்த வயலின் பட்டறைக்குப் போனேன். பெரிய ஜன்னல், அதனடியில் நீண்ட மேசை. அந்தம்மா மேப்பிள் பலகைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்து, புலித்தோல் போன்ற வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. நான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்த வார்த்தைகளைத் தொடங்கினேன்.

"அக்கா, அன்னைக்கு நான் செஞ்சது..."

"மன்னிப்புக் கேக்க வந்தியா? இல்ல, அந்தக்கா என்னை மன்னிச்சிட்டாங்கன்னு ஊருக்குச் சொல்ல வந்தியா?"

பஸ்ஸில் வரும்போது யாரிடம் முதலில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு வந்தது உண்மை.

"வெளிச்சத்தை மறைக்காத. நகரு."

நகர்ந்தேன். அவர் பலகையைத் திருப்பி, முட்டியால் தட்டி, காதருகே பிடித்தார். அந்தச் சத்தம் நன்றாக இருந்தது. அது போதும் என்பது போல அடுத்த பலகையை எடுத்தார். கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. பிறகு நானே கிளம்பி வந்துவிட்டேன்.